ஆளில்லாத காடு: ஒரு பைன் மரம் கனடாவின் முகமான கதை

ஒட்டாவாவில் உள்ள கனடா தேசியக் கலைக்கூடத்தில் ‘ஜாக் பைன்’ என்ற ஓவியம் இருக்கிறது. உயரம் ஏறத்தாழ 128 சென்டிமீட்டர், அகலம் 140. ஏரிக்கரைப் பாறையில் வேர்பிடித்த ஒரு மரம், தளர்ந்து தொங்கும் அதன் கிளைகள், பின்னால் அசையாத நீர், அக்கரையில் நீலமும் ஊதாவுமாகக் குன்றுகள், மேலே மஞ்சளும் பச்சையும் பட்டை பட்டையாக இழுத்துவிட்ட வானம். மனிதர் எவரும் இல்லை. படகு இல்லை, குடிசை இல்லை, புகைகூட இல்லை. டாம் தாம்சன் இதை 1916-17 குளிர்காலத்தில் டொராண்டோவில் வரைந்தார். அடுத்து வந்த கோடையில் இறந்துபோனார். 1918ல் தேசியக் கலைக்கூடம் இதை வாங்கியது. 1967ல் நாடு தன் நூற்றாண்டைக் கொண்டாடியபோது 10 சென்ட் அஞ்சல் தலையில் இந்த மரம் ஏறியது.

ஒன்டாரியோ மாகாணத்தின் ஏதோ ஒரு ஏரிக்கரையில் நின்ற மரம், அட்லான்டிக்கில் தொடங்கி பசிபிக் வரை விரிந்த நாட்டின் அடையாளமாக ஆனது எப்படி? இந்த ஆய்வு அந்த ஐம்பது ஆண்டுகளைப் பின்தொடர்கிறது. என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தாம்சனும், பின்னால் ‘எழுவர் குழு’ என்று பெயர்பெற்ற அவர் நண்பர்களும் வரைந்த இவை மகத்தான ஓவியங்கள். நேரில் பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் இவற்றில் இருக்கும் வெறுமை காட்டிலிருந்து வந்ததில்லை. காட்டில் இருந்தவற்றில் எதைக் கான்வாஸில் ஏற்றுவது என்று ஓவியர்கள் முடிவு செய்தார்கள். ஏற்றியவற்றில் எதை நாட்டின் முகமாகக் காட்டுவது என்று கலைக்கூடமும் அச்சகமும் அஞ்சல் துறையும் முடிவு செய்தன. ஓவியர்களைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. இரண்டாவது முடிவைப் பற்றித்தான் போதுமான அளவு பேசவில்லை.

நாடு இருந்தது, முகம் இல்லை

கனடா 1867ல் உருவானது. ஆனாலும் அரை நூற்றாண்டு கழித்தும் அது பிரிட்டிஷ் பேரரசின் ஒரு டொமினியன்தான், அதாவது உள்நாட்டு விவகாரங்களில் தன்னாட்சி பெற்ற பகுதி. முதல் உலகப் போரில் சுமார் 61,000 பேரைப் பலிகொடுத்த பிறகு, 1919ல் வெர்சாய் உடன்படிக்கையில் தன் பெயரில் கையெழுத்திட்டது. சட்டமியற்றும் உரிமை ஏறத்தாழ முழுமையாகக் கிடைத்தது, 1931ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய வெஸ்ட்மின்ஸ்டர் சட்டத்தில்தான். ‘நாங்கள் யார்’ என்ற கேள்வி நெருக்கிய காலம் இது. மான்ட்ரியலிலும் டொராண்டோவிலும் பணக்காரர்கள் வீட்டுச் சுவரில் என்ன மாட்டியிருந்தார்கள்? ஹாலந்து நாட்டு ஓவியங்கள். மூடுபனி, மாடுகள், காற்றாலைகள்.

அந்தச் சமயத்தில் டொராண்டோவில் ‘கிரிப்’ என்ற விளம்பர வடிவமைப்பு நிறுவனம் இருந்தது. ஜே. இ. எச். மெக்டொனால்ட் அங்கே மூத்த வடிவமைப்பாளர். டாம் தாம்சன், ஆர்தர் லிஸ்மர், ஃபிரெடெரிக் வார்லி, ஃபிராங்க்ளின் கார்மைக்கேல், ஃபிராங்க் ஜான்ஸ்டன் எல்லோரும் அங்கே வேலை பார்த்தவர்கள். எழுத்து வரைவது, பூ வேலைப்பாடு, புத்தக அட்டை, ரயில் விளம்பரம். பின்னால் ‘காட்டின் பிள்ளைகள்’ என்று கொண்டாடப்பட்ட இவர்கள் நகரத்து அலுவலகத்தில் மேசை முன் உட்கார்ந்து பிழைத்தவர்கள். ‘ஜாக் பைன்’ கிளைகளின் வளைவைக் கவனித்துப் பார்த்தால், அலங்கார எழுத்து வரைந்து பழகிய கையின் வளைவு தெரியும். அந்த ஓவியத்துக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. அதன் பலமே அதுதான் என்பேன்.

இவர்களோடு சேர்ந்தவர்கள் இருவர். மான்ட்ரியலைச் சேர்ந்த ஏ. ஒய். ஜாக்சன், விவசாய இயந்திரங்கள் செய்த மாசி-ஹாரிஸ் குடும்பத்து வாரிசான லாரன் ஹாரிஸ். ஹாரிஸ் பெர்லினில் படித்தவர். மெக்டொனால்ட், லிஸ்மர், வார்லி மூவரும் இங்கிலாந்தில் பிறந்து வந்தவர்கள்.

1913 ஜனவரியில் ஹாரிஸும் மெக்டொனால்டும் எல்லை தாண்டி அமெரிக்காவின் பஃபலோ நகரத்துக்குப் போனார்கள். அங்கே ஸ்காண்டிநேவிய நாடுகளின் சமகால ஓவியக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. பனி, ஏரி, ஊசியிலை மரம். ஸ்வீடனிலிருந்து நார்வே பிரிந்து எட்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. வடக்கு நிலத்தையே நாட்டின் அடையாளமாக்கும் வேலை அங்கே மும்முரமாக நடந்தது. கனடாவை வைத்து நாம் செய்ய நினைப்பதும் இதுதான் என்று இருவருக்கும் தோன்றியதாக மெக்டொனால்ட் பின்னாளில் ஓர் உரையில் சொன்னார். ஐரோப்பாவைப் பார்த்து வரைவதை விட்டுவிட்டுச் சொந்த மண்ணைப் பார்ப்போம் என்ற அழைப்புக்கே மாதிரி ஐரோப்பாவிலிருந்துதான் வந்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தேசிய உணர்வு பல நாடுகளில் இப்படிப் பக்கத்து வீட்டைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ளப்பட்டது.

அடுத்த ஆண்டு ஹாரிஸும் ஜேம்ஸ் மெக்கல்லம் என்ற கண் மருத்துவரும் பணம் போட்டு டொராண்டோவின் ரோஸ்டேல் பள்ளத்தாக்கில் ‘ஸ்டூடியோ பில்டிங்’ கட்டினார்கள். வடக்கு வெளிச்சம் விழும் பெரிய சன்னல்களோடு ஆறு ஓவியக்கூடங்கள். கட்டடத்தின் பின்னால் இருந்த மரக்கொட்டகையில் தாம்சன் தங்கினார். அந்தக் கொட்டகையில்தான் ‘ஜாக் பைன்’ உருவானது.

தாம்சன் பார்த்த காடு

டொராண்டோவுக்கு வடக்கே உள்ள அல்கோன்குயின் பூங்காவுக்குத் தாம்சன் முதன்முதலில் போனது 1912ல். அந்தப் பூங்கா 1893ல் நிறுவப்பட்டது. அது ஆதி காடு என்ற எண்ணம் இன்றும் பலருக்கு உண்டு. உண்மையில் பூங்கா என்று அறிவித்தபோதே அங்கிருந்த பெரிய வெள்ளை பைன் மரங்களில் பெரும்பகுதி வெட்டி முடிந்திருந்தது. அறிவித்த பிறகும் வெட்டுவது நிற்கவில்லை. ஒட்டாவாவின் மர வியாபாரி ஜே. ஆர். பூத் 1890களில் பூங்காவுக்குக் குறுக்கே தன் ரயில் பாதையைப் போட்டார். 1908ல் கிராண்ட் டிரங்க் ரயில் நிறுவனம் சுற்றுலாப் பயணிகளுக்காக உள்ளேயே ஹோட்டல் திறந்தது. 1915ல் கனடியன் நார்தர்ன் நிறுவனத்தின் இன்னொரு பாதை வடக்குப் பக்கமாக வந்தது.

தாம்சன் வழக்கமாகத் தங்கிய கனூ ஏரிக்கரை ஊரின் பெயர் மோவட். கில்மோர் மர நிறுவனம் அங்கே பெரிய அறுவை ஆலை நடத்தி, நொடித்துப் போயிருந்தது. அந்த நிறுவனம் விட்டுப்போன கட்டடம்தான் அவர் தங்கிய விடுதி. ஆலைச் சிராய்கள் பரவிக் கிடந்த கரையைத் தாண்டித்தான் அவர் கனூ என்ற துடுப்புப் படகில் ஏறியிருப்பார்.

இதையெல்லாம் அவர் கவனிக்காமல் இல்லை என்பதுதான் இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. வெட்டிய மரங்களை மிதக்கவிட ஏரிகளுக்கு அணை போட்டு நீர்மட்டத்தை உயர்த்துவார்கள். கரையோர மரங்கள் நின்ற நிலையிலேயே மூழ்கிச் செத்துப்போகும். அதை அவர் 1912லேயே ‘மூழ்கிய நிலம்’ என்று வரைந்திருக்கிறார். வெட்டிப்போட்ட கிளைகளில் பற்றும் தீ அந்தக் காடுகளில் ஓயாத தொல்லை. 1915ல் ‘தீ வாரிய குன்றுகள்’ வரைந்தார். 1916 கோடையில் பூங்காவின் கிழக்கே, கிராண்ட் ஏரிக்கரையில் உள்ள அக்ரே என்ற இடத்தில் தீக்காவலர் வேலை பார்த்தார். பூத் நிறுவனம் பெட்டவாவா ஆற்றில் மரம் மிதக்கவிட்டபோது கூடவே போனார். அந்த அனுபவத்திலிருந்து இரண்டு பெரிய கான்வாஸ்கள் வந்தன. ஒன்று ‘தி டிரைவ்’: அணை மதகு வழியே கட்டைகள் முட்டி மோதி இறங்க, கையில் நீள் கம்புகளோடு ஆட்கள். மற்றது ‘தி பாயின்டர்ஸ்’: இலையுதிர் வண்ணங்கள் எரியும் குன்றின் கீழே மர நிறுவனப் படகுகள் வரிசையாகப் போகும் காட்சி.

‘ஜாக் பைன்’ ஓவியமும் அதே 1916ல், அதே கிராண்ட் ஏரிக்கரையில் சிறு பலகையில் வரைந்த வண்ணப் படத்திலிருந்து வந்ததுதான். அந்த மரமே அந்த நிலத்துக்குச் சாட்சி. ஜாக் பைன் காய்கள் பிசினால் இறுக மூடியிருக்கும். தீயின் வெப்பம் பட்டால் திறந்து விதை சிதறும். எரிந்து அழிந்த இடத்தில் முதலில் முளைப்பவற்றில் அது ஒன்று. ஆகவே காலம் தொடாத காட்டின் சின்னம் என்று நாடு கொண்டாடும் அந்த மரம், தீயைப் பிழைத்த நிலத்தின் மரம்.

சரி, ஒரே குளிர்காலத்தில், ஒரே கொட்டகையில், ஒரே கையால் வந்தவை இந்த ஓவியங்கள். ‘ஜாக் பைன்’ தேசியக் கலைக்கூடத்துக்குப் போனது. ‘மேற்குக் காற்று’ என்ற இன்னொரு ஒற்றை மர ஓவியம் 1926ல் டொராண்டோ கலைக்கூடத்துக்குப் போனது. அதே 1926ல் ‘தி டிரைவ்’ குவெல்ஃப் நகரத்தில் இருந்த விவசாயக் கல்லூரிக்குப் போனது. முதல் இரண்டையும் தெரியாத கனடியர் குறைவு. மூன்றாவதைப் பார்த்தவர் எத்தனை பேர்?

1917 ஜூலை 8 அன்று தாம்சன் கனூ ஏரியில் தனியே கிளம்பினார். எட்டு நாள் கழித்து உடல் கிடைத்தது. வயது 39. அந்த மரணத்தைச் சுற்றி ஒரு நூற்றாண்டாக ஊகங்கள் பெருகியிருக்கின்றன. அவற்றுக்குள் இங்கே போக வேண்டியதில்லை. இங்கே வேண்டியது இதுதான்: மணமாகாத, இளவயதில் காட்டிலேயே மறைந்த ஓவியன் என்ற உருவம், விளம்பர நிறுவனத்தில் சம்பளம் வாங்கிய வடிவமைப்பாளரை மறைத்துவிட்டது. நண்பர்கள் அந்த ஏரிக்கரையில் நினைவுக் கற்குவியல் எழுப்பி, காட்டோடு பணிவாகவும் தீவிரமாகவும் வாழ்ந்தவன் என்று பொறித்தார்கள்.

எழுவர் குழு

போர் இந்த நண்பர்களைக் கலைத்துப்போட்டது. ஜாக்சன் போர்முனைக்குப் போய் 1916ல் காயம்பட்டார். அப்புறம் அவரும் வார்லியும் போர் ஓவியர்களாக வேலை செய்தார்கள். குண்டு விழுந்து மொட்டையாகிப்போன பெல்ஜிய, பிரெஞ்சுக் காடுகளை ஜாக்சன் வரைந்தார். திரும்பி வந்து அவர் வரைந்த வடக்கு ஒன்டாரியோக் காடுகளிலும் எரிந்து நிற்கும் மரங்கள் வருகின்றன. இழந்தவர்களுக்காகத் துக்கப்படும் நாட்டுக்கு, ஒடிந்தும் நிற்கும் மரம் ஏதோ ஒரு செய்தியைச் சொல்லியது. அதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

1920 மே 7 அன்று டொராண்டோவில் ‘எழுவர் குழு’ தன் முதல் கண்காட்சியைத் திறந்தது. ஹாரிஸ், ஜாக்சன், மெக்டொனால்ட், லிஸ்மர், வார்லி, கார்மைக்கேல், ஜான்ஸ்டன். தாம்சன் உயிரோடு இருந்திருந்தால் எட்டாவது ஆள். ஒரு நாட்டில் கலை முளைத்துப் பூத்த பிறகுதான் அந்த நாடு தன் மக்களுக்கு உண்மையான வீடாகும் என்று கண்காட்சிக் கையேட்டில் எழுதினார்கள். எந்த மக்களுக்கு என்ற கேள்வியை அன்று யாரும் கேட்கவில்லை.

இந்தக் குழுவைப் பற்றிச் சொல்லப்படும் கதையில் ஒரு பகுதி எப்போதும் வரும்: பழமைவாத விமர்சகர்கள் துரத்தியடித்தார்கள், இவர்கள் போராடி வென்றார்கள். திட்டியவர்கள் உண்டுதான். 1913ல் ஒரு பத்திரிகையாளர் இவர்கள் ஓவியத்தைச் சூடான கூழ் என்றார். 1916ல் மெக்டொனால்டின் தோட்ட ஓவியம் ஒன்றை ஹெக்டர் சார்ல்ஸ்வொர்த் என்ற விமர்சகர் கடுமையாகத் தாக்கினார். ஆனால் அதே காலத்தில் அரசுப் பணம் இவர்கள் பக்கம் இருந்தது. தேசியக் கலைக்கூடம் 1914லும் 1915லும் தாம்சன் ஓவியங்களை வாங்கிவிட்டது. 1920 கண்காட்சிக்கு வந்தவர்கள் இரண்டாயிரம் பேருக்குச் சற்று மேல். அதிலிருந்தும் மூன்று ஓவியங்களைக் கலைக்கூடம் எடுத்துக்கொண்டது. அவற்றில் ஒன்று ஹாரிஸ் வரைந்த எளிய மனிதர்களின் குடில் வீடுகள். ஆம், ஹாரிஸ் டொராண்டோவின் ஏழைத் தெருக்களை வரைந்திருக்கிறார், 1925ல் நோவா ஸ்கோஷியாவின் கிளேஸ் பே சுரங்கத் தொழிலாளர் வீடுகளை எலும்பு வரிசை போல வரைந்திருக்கிறார். ஜாக்சன் ஆண்டுதோறும் கியூபெக் கிராமங்களுக்குப் போய்ப் பனியில் புதைந்த வீடுகளையும் சறுக்கு வண்டிகளையும் வரைந்தார். மனிதர் வாழும் இடங்கள் இவர்கள் ஓவியங்களில் உண்டு. அடையாளமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவற்றில்தான் இல்லை.

முகம் பரவிய வழி

தேசியக் கலைக்கூட இயக்குநர் எரிக் பிரவுனும் அறங்காவலர் குழுத் தலைவர் எட்மண்ட் வாக்கரும் இந்தக் கதையின் முக்கியமான ஆட்கள். பிரவுன் இங்கிலாந்துக்காரர், வாக்கர் வங்கித் தலைவர். 1924ல் லண்டன் வெம்ப்ளியில் பேரரசுக் கண்காட்சி நடந்தது. கனடிய ஓவியங்களைத் தேர்வு செய்யும் பொறுப்பை வழக்கப்படி ராயல் கனடியன் அகாதமி என்ற கலைஞர் அமைப்பிடம் விடாமல் கலைக்கூடமே நடுவர் குழுவை நியமித்தது. அகாதமி கொதித்தது. ஆனால் லண்டன் பத்திரிகைகள் எழுவர் குழுவின் ஓவியங்களைப் பாராட்டின. இங்கே ஒரு புதிய நாடு தன் குரலில் பேசுகிறது என்ற தொனியில் எழுதின. டேட் கலைக்கூடம் ஜாக்சனின் ஹாலிஃபாக்ஸ் துறைமுக ஓவியத்தை வாங்கியது. அந்தப் பாராட்டுரைகளைத் தொகுத்து தேசியக் கலைக்கூடம் வெளியிட்டது. பேரரசின் தலைநகரம் ஒப்புக்கொண்ட பிறகு கனடாவில் எதிர்ப்பு அடங்கத் தொடங்கியது. தனிக் குரல் என்று சொல்லவே லண்டனின் சான்றிதழ் தேவைப்பட்ட காலம்.

1926ல் ஃபிரெட் ஹௌசர் என்ற டொராண்டோ பத்திரிகையாளர் குழுவின் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். அவர் ஹாரிஸின் நெருங்கிய நண்பர். முன்னோடிகள், காடு, தாம்சன் என்ற காவியம் அங்கேதான் கெட்டிப்பட்டது. 1930ல் ஹாரிஸும் ஜாக்சனும் அரசின் பியோதிக் கப்பலில் ஆர்க்டிக் போனார்கள். ஆண்டுதோறும் வடதுருவத் தீவுகளின் காவல் நிலையங்களுக்குச் சாமான் கொண்டுபோய், அந்தத் தீவுகள் கனடாவுக்குச் சொந்தம் என்று உறுதிசெய்த பயணம் அது. ஓவியம் அங்கே நேரடியாகவே அரசின் பயணத்தில் ஏறிக்கொண்டது.

1933ல் குழு கலைந்து பெரிய சங்கமாகியது. ஆனால் சாதாரண மக்களிடம் ஓவியங்கள் போய்ச் சேர்ந்தது அதற்குப் பிறகுதான். இரண்டாம் உலகப் போரின்போது ஜாக்சன் முன்னின்று, தேசியக் கலைக்கூடமும் டொராண்டோவின் சாம்ப்சன்-மேத்யூஸ் அச்சகமும் சேர்ந்து நிலக்காட்சி ஓவியங்களைச் சில்க் ஸ்கிரீனில் அச்சிட்டன. 1926ல் குழுவில் சேர்ந்த ஏ. ஜே. காசன் அந்த அச்சகத்தில்தான் வேலை பார்த்தார். நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் இப்படி அச்சாகி, ராணுவ முகாம்களுக்குப் போயின. போர் முடிந்ததும் பள்ளிகள், வங்கிகள், அலுவலகங்களின் சுவருக்கு வந்தன. 1960கள் வரை இது நடந்தது. ஒரு தலைமுறைக் குழந்தைகள் கரும்பலகைக்குப் பக்கத்தில் இந்தப் பைன் மரங்களைப் பார்த்து வளர்ந்தார்கள். அசல் ஓவியத்தைப் பார்க்காமலே அதைத் தெரிந்துகொண்டார்கள். என் பார்வையில், தேசிய அடையாளம் உருவான இடம் ஏரிக்கரையைவிட இந்த வகுப்பறைச் சுவர்தான்.

‘தேசிய’ என்று சொன்னாலும் இதில் பெரும்பகுதி ஒன்டாரியோ நிலம். பிரெஞ்சு பேசும் கியூபெக்கில் இந்த ஆளற்ற காடு அதே அளவு எடுபடவில்லை. அங்கே நிலம் என்றால் பண்ணையும் தேவாலயமும் ஊரும். நகர வாழ்வும் இதில் இல்லை. 1921 கணக்கெடுப்பில் கனடாவின் மக்கள் தொகை சுமார் 88 லட்சம். அதில் பாதிப் பேர் ஏற்கெனவே நகரவாசிகள். நகரத்தில் இருந்துகொண்டு வார இறுதியில் ரயிலேறி வடக்கே போகக்கூடியவரின் கனவு இது.

அங்கே இருந்தவர்கள்

அல்கோன்குயின் என்ற பெயரே ஒரு மக்களின் பெயர். ஒட்டாவா ஆற்றுப் படுகை அவர்கள் நிலம். அதை அவர்கள் எந்த ஒப்பந்தத்திலும் விட்டுக்கொடுத்ததில்லை. பூங்கா வந்ததும் உள்ளே வேட்டையும் பொறிவைப்பதும் தடைசெய்யப்பட்டன. தங்கள் காட்டில் வழக்கப்படி வேட்டையாடியவர்கள் திருட்டு வேட்டைக்காரர்கள் ஆனார்கள். மர நிறுவனங்களுக்கு உரிமம் தொடர்ந்தது. தாம்சன் பார்த்த அமைதியின் ஒரு பங்கு இப்படிச் சட்டத்தால் வந்த அமைதி.

அடுத்தது, ஒன்டாரியோவில் இன்னும் வடமேற்கே உள்ள அல்கோமாவும் சுப்பீரியர் ஏரியும். 1918லிருந்து ஹாரிஸ் ஏற்பாட்டில் ஓவியர்கள் அல்கோமா சென்ட்ரல் ரயிலின் சரக்குப் பெட்டி ஒன்றில் அடுப்பும் படுக்கையும் போட்டுக்கொண்டு பயணம் செய்தார்கள். அகாவா, பச்சவானா என்று நின்ற இடங்களெல்லாம் அந்த நிலத்துப் பூர்வகுடிகளான அனிஷினாபே மக்களின் பெயர்கள். மெக்டொனால்டின் ‘தி சாலம் லேண்ட்’ அங்கே பிறந்தது. அது 1967ல் 25 சென்ட் அஞ்சல் தலை ஆனது. அந்த ரயிலே இரும்புத் தாதுக்கும் காகிதக்கூழ் மரத்துக்கும் போட்ட ரயில். ஹாரிஸ் சுப்பீரியர் ஏரியின் வடகரைக்குப் போய், வெறும் பாறையும் நீரும் மேலிருந்து இறங்கும் ஒளியுமாக வரைந்தார். தியோசாபி எனப்படும் பிரம்மஞான நம்பிக்கை கொண்ட அவருக்கு அந்த வெறுமை ஆன்மிகம்.

அதே கரைகளைப் பற்றி இன்னொரு ஆவணம் இருக்கிறது. 1850ல் அனிஷினாபே தலைவர்களும் அரசும் செய்துகொண்ட ராபின்சன் ஒப்பந்தங்கள். நிலத்தின் வருமானம் கூடும்போது ஆண்டுத் தொகையும் கூட வேண்டும் என்பது வாக்கு. 1875ல் ஆளுக்கு ஆண்டுக்கு 4 டாலர் என்று ஆனது. அதன் பிறகு ஏறவே இல்லை. ஹாரிஸ் அங்கே வரைந்தபோதும் 4 டாலர், இந்த நூற்றாண்டிலும் 4 டாலர். அவற்றில் ஒன்றான ஹியூரான் ஏரிப் பகுதி ஒப்பந்தத்தின் மக்களுக்கு 2023ல் 10 பில்லியன் டாலர் தீர்வு கிடைத்தது. அரசு தன் வாக்கைக் கேலிக்கூத்தாக்கிவிட்டது என்று 2024ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தொகை கூடாமல் போனதற்கு ஓவியம் காரணமில்லை. ஆனால் ஆளே இல்லாத நிலமாக ஒரு நாடு தன்னை நூறு ஆண்டு பார்த்துப் பழகியது, அந்த மக்களை மறப்பதை எளிதாக்கியது. 1992ல் ஜோனதன் போர்டோ என்ற அறிஞர், ‘ஜாக் பைன்’ ஓவியத்தையே முன்வைத்துப் பூர்வகுடிகள் நிலக்காட்சியிலிருந்து அழிக்கப்பட்டதைப் பற்றி எழுதினார். அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

1927ஐத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு டிசம்பரில் தேசியக் கலைக்கூடம் மேற்குக் கரைப் பூர்வகுடிக் கலையையும் நவீன ஓவியங்களையும் ஒன்றாக வைத்துக் கண்காட்சி நடத்தியது. மேற்குக் கரை விக்டோரியாவிலிருந்து வந்த ஓவியர் எமிலி கார் முதன்முறையாக எழுவர் குழுவைச் சந்தித்தார். அவருடைய ஓவிய வாழ்வு மீண்டும் துளிர்த்தது. 1912லேயே ஹைடா, கிட்க்சன் என்ற பூர்வகுடிகளின் ஊர்களுக்குப் போய்க் குலச்சின்னங்கள் செதுக்கிய மரக் கம்பங்களை வரைந்தவர் அவர். கம்பங்களைச் செய்த மக்களோ பாட்லாச் என்ற தங்கள் விருந்துச் சடங்கைச் செய்தால் சிறை என்ற நிலையில் இருந்தார்கள். 1885ல் வந்த அந்தத் தடை 1951 வரை நீடித்தது. அதே 1927ல் இந்தியர் சட்டத்தில் (பூர்வகுடிகளை அன்று ‘இந்தியர்’ என்றே அழைத்தார்கள்) ஒரு திருத்தம் வந்தது: நில உரிமை கேட்டு வழக்கு நடத்தப் பூர்வகுடிகள் பணம் திரட்டுவது குற்றம். கம்பம் கலைக்கூடத்தில், செய்தவர் நீதிமன்ற வாசலுக்கு வெளியே.

நம் திணை மரபில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஓவியங்களில் என்ன இல்லை என்பது சட்டென்று தெரியும். தொல்காப்பியம் நிலத்துக்குக் கருப்பொருள் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று அடுக்குகிறது. எழுவர் குழுவின் புகழ்பெற்ற ஓவியங்களில் நிலமும் பொழுதும் அற்புதமாக இருக்கின்றன. தனிமை என்ற உணர்வும் இருக்கிறது. கருப்பொருளில் மரம் மட்டும் மிஞ்சி நிற்கிறது.

யாருடைய வடக்கு?

ஹாரிஸ் 1926ல் ஒரு தியோசாபி இதழில், வடக்கின் தனிமையும் வெண்மையும் இந்த மக்களைத் தூய்மைப்படுத்திப் புதுப்பிக்கும் என்ற பொருளில் எழுதினார். அன்று அது தனி மனிதரின் ஆன்மிகம் மட்டும் இல்லை. குளிர் நிலம் குறிப்பிட்ட இனங்களுக்கே உரியது என்ற எண்ணம் காற்றில் இருந்தது, சட்டத்திலும் இருந்தது. சொந்த நாட்டிலிருந்து இடையில் நிற்காமல் நேரே வரும் கப்பலில்தான் வர வேண்டும் என்ற 1908 விதி இந்தியாவிலிருந்து வருபவர்களைத் தடுக்கவே வந்தது. ஸ்டூடியோ பில்டிங் எழுந்த 1914ல்தான் 376 பயணிகளோடு வந்த கோமகட்ட மாரு கப்பல் வான்கூவரில் தடுத்து நிறுத்தப்பட்டு, பெரும்பாலோர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1923ல் சீனர்களுக்குக் கதவு மூடப்பட்டது.

ஜின்-மி யூன் என்ற கொரியக் கனடியக் கலைஞர் 1996ல் இதற்கு ஒரு பதில் தந்தார். வான்கூவரில் 67 கொரியக் கனடியர்களை ஹாரிஸின் மலின் ஏரி ஓவியத்தின் முன் நேர்முகமாக நிறுத்தியும், எமிலி கார் ஓவியத்தின் முன் முதுகு காட்டி நிறுத்தியும் படமெடுத்தார். 67 என்ற எண், குடியேற்றத்தில் இனப் பாகுபாடு தளர்ந்த 1967ஐக் குறிக்கிறது. டொராண்டோவைச் சுற்றி வாழும் தமிழர்கள் இலையுதிர் காலத்தில் அல்கோன்குயின் போய் மேப்பிள் மரத்தடியில் குடும்பத்தோடு எடுக்கும் படங்களையும் நான் அந்த வரிசையில்தான் பார்க்கிறேன். ஆளில்லாத காட்டில் ஆட்கள் வந்து நிற்கிறார்கள். ஆனால் நாமும் அங்கே பின்னால் வந்தவர்கள். நமக்கு முன் அங்கே யாருமே இல்லை என்று சொல்லும் ஓவியத்தை அப்படியே ஏற்றுக்கொள்வது நமக்கும் வசதியானதுதான். பிறந்த நிலத்தின் பெயரும் உரிமையும் பறிபோவதை அறிந்த ஈழத் தமிழருக்கு அந்த வசதி உறுத்த வேண்டும்.

நிலத்துக்காரர்களின் பதில் இன்னும் வலுவானது. சுப்பீரியர் ஏரிக்கு வடக்கே அனிஷினாபே மக்களிடையே வளர்ந்த நார்வல் மோரிசோ 1962ல் டொராண்டோவில் தன் முதல் கண்காட்சியை வைத்தார். ஓவியங்கள் எல்லாம் விற்றுத் தீர்ந்தன. ஹாரிஸ் காலியாகக் கண்ட அதே நிலம் அவரிடம் நிரம்பி வழிகிறது. மீனுக்குள் முட்டை, கரடிக்குள் மனிதன், இடிப்பறவை, எல்லாவற்றையும் இணைக்கும் கரிய கோடுகள். 1973ல் மோரிசோ, டாஃப்னி ஓட்ஜிக், அலெக்ஸ் ஜான்வியர் முதலிய ஏழு பேர் வின்னிபெக்கில் சங்கம் அமைத்தபோது பத்திரிகைகள் ‘இந்திய எழுவர் குழு’ என்று பெயரிட்டன. தேசியக் கலைக்கூடம் ‘ஃபர்ஸ்ட் நேஷன்ஸ்’ எனப்படும் (இனுயிட், மெட்டி அல்லாத) பூர்வகுடி ஓவியர் ஒருவருக்கு முதன்முதலில் தனிக் கண்காட்சி நடத்தியது 2006ல்தான், அது மோரிசோவுக்கு. தாம்சனை வாங்கத் தொடங்கி 92 ஆண்டு கழித்து.

2016ல் அல்கோன்குயின் மக்களோடு கனடாவும் ஒன்டாரியோவும் கொள்கை அளவில் ஓர் உடன்பாடு செய்தன. பேசப்படும் நிலம் 36,000 சதுர கிலோமீட்டர். பூங்காவின் பெரும்பகுதி அதற்குள் வருகிறது. மர வெட்டு இன்றும் அந்தப் பூங்காவில் அனுமதிக்கப்பட்ட தொழில்.

2018ல் ஒன்டாரியோ கலைக்கூடம் எமிலி காரின் ‘இந்தியத் தேவாலயம்’ என்ற ஓவியத்தின் பெயரை, யூக்வாட் ஊரின் தேவாலயம் என்று மாற்றியபோது பெரிய சர்ச்சை எழுந்தது. பெயர்ப்பலகை மாற்றம் நல்லதுதான். எனக்கு அது போதவில்லை. நான் கேட்பது எளிய ஒன்று. ‘ஜாக் பைன்’ தொங்கும் சுவரில், குவெல்ஃபில் இருக்கும் ‘தி டிரைவ்’ ஓவியத்தைக் கடனாக வாங்கி நிரந்தரமாகப் பக்கத்தில் மாட்டட்டும். எதிர்ச்சுவரில் மோரிசோ வரட்டும். அது நடக்கும்வரை, டொராண்டோவில் இருப்பவர்கள் குவெல்ஃப் கலைக்கூடத்துக்குக் காரில் போக ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். போகும் முன் அந்த ஓவியம் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.